மார்ச் இருபதுக்குள் தூங்க வேண்டும்

8-1-2025, புதன்

படுத்தது பத்து மணி. எழுந்தது ஆறரை. நடுவில் எத்தனை தரம் எழும்பினேன் என்று தெரியாது.

இப்படி எழுதிக்கொண்டு வரச் சொன்னவள் ஹம்னா. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் தூக்க நோய்க்கென்று இருக்கிற அறையில் வேலைபார்க்கிற பிள்ளை. "எம்மா, எப்பம் படுத்திய, எப்பம் எந்திச்சிய, மனசுல என்ன ஓடிச்சு, எல்லாத்தையும் எழுதுங்க" என்றாள். நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் என்றேன். "பரீட்சையா வைக்கப் போறோம்?" என்கிறாள். என் மகள் யூனிஸ் தன் பழைய நோட்டு ஒன்றைத் தந்தாள்.

போன மாதக் கடைசியில் ஒரு ராத்திரி தலையெல்லாம் வயர் ஒட்டிப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். மணிக்கு நாற்பத்தோரு தரம். இன்றைக்கு மெஷின் தந்தார்கள், ஆறு மாதத்துக்கு இரவல். மூக்குக்கு ஒரு மூடி, அதிலிருந்து குழாய், குழாய் முனையில் டிபன் பாக்ஸ் அளவில் பெட்டி. விடிய விடியக் காற்று ஊதும்.

மனசில் ஓடியது மார்ச் 20. வேறொன்றும் ஓடவில்லை.

9-1-2025, வியாழன்

ஒரு மணி நேரம். அதற்குமேல் முடியாமல் கழற்றி எறிந்துவிட்டேன். ஓடுகிற பஸ்ஸில் தலையை வெளியே நீட்டினால் மூச்சு முட்டுமே, அப்படி. யூனிஸ் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். "எம்மா, தும்பிக்கை வச்ச மாதிரி இருக்க."

சிரிக்கட்டும். நான் இதை உடம்புக்காக மாட்டவில்லை. டிசம்பர் 12-ஆம் தேதி அம்பாசமுத்திரம் கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிட்டபோது வராந்தா பெஞ்சில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தேன். என் புருஷனை லாரி ஏற்றிக் கொன்றவன் கேஸ். நான் சாட்சி. உலுக்கி எழுப்பிக் கூண்டில் ஏற்றினார்கள். என்ன கேட்டாலும் புகைக்குள் நின்று கேட்பதுபோல் இருந்தது. தேதியை மாற்றிச் சொன்னேன். அவனுடைய வக்கீல், "அம்மா தூங்கி முடிச்சிட்டு வரட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கேஸை மார்ச் 20-க்குத் தள்ளிவைத்தார்கள்.

அவனும் சிரிக்கிறானா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

12-1-2025, ஞாயிறு

மூன்று மணி நேரம். மூடியை இழுத்துக் கட்டுகிற பட்டி வழுக்கி வழுக்கிப் பின்மண்டையிலிருந்து கழன்றுவிடுகிறது. ஹம்னாவுக்குப் போன் போட்டோம். "தலைக்கு எண்ணெய் வச்சியளா?" என்றாள். வைக்காமல்? நாற்பத்தெட்டு வருஷமாக வைக்கிறேன். "எண்ணெயத் தேச்சுட்டு மாட்டுனா வழுக்கத்தானம்மா செய்யும். எங்க உம்மாவும் இப்படித்தான், சொன்னா கேக்கமாட்டாவ."

இனி எண்ணெய் கிடையாது. அவன் ஜெயிலுக்குப் போகிறவரைக்கும் தலை காய்ந்தே கிடக்கட்டும்.

15-1-2025, புதன்

மூக்குத் தண்டில் மூடி அழுத்திப் புண். தைலம் தடவினேன். அதன்மேல் மூடியை மாட்டினேன். மெஷினைப் போட்டேன். ஆண்டவரே. தைலக் காந்தல் முழுவதும் கண்ணுக்குள்ளும் தொண்டைக்குள்ளும் போய், அழுகையா எரிச்சலா என்று தெரியாமல் ஒருமணி நேரம் தண்ணீர் ஊற்றியது. அந்த மூடியில் இன்னும் தைல வாடை போகவில்லை.

தூக்கம் இரண்டு மணி. பகலில் பீடி சுற்றும்போது தட்டோடு சரிந்தேன். தூள் எல்லாம் மடியில்.

19-1-2025, ஞாயிறு

சபை ஐயர் ஜெபம்பண்ண வீட்டுக்கு வந்தார். மன்னிப்பைப் பற்றி வசனம் வாசித்தார். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார், மூடினேன். ஆமென் என்று சத்தம் கேட்டபோதுதான் விழித்தேன். மன்னிக்கச் சொல்லி என்னென்ன சொன்னாரோ, ஒன்றும் என் காதில் விழவில்லை.

நல்லதாகப் போயிற்று.

25-1-2025, சனி

நாலு மணி நேரம். நேற்றும் நாலு.

கொழுந்தன் ஹெப்ரான் வந்திருந்தான். சனிக்கிழமைதோறும் வந்து என்னிடம் கேட்டுச் சொல்லவைப்பான், பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் கேட்பதுபோல. "மதினி, முழிச்சிருக்கியளா? சொல்லுங்க. நீங்க எங்க நின்னிய?"

"லாரிப் படிக்கிட்ட."

"டிரைவர் எப்படி இருந்தான்?"

"கிறங்கிப்போய் இருந்தான். கண்ணு சொருகி இருந்துச்சு. வாயத் திறந்தா சாராய வாடை."

"அவ்வளவுதான். இதுல ஒரு வார்த்தை பிசகக்கூடாது. குடியில்லன்னா ஃபைனக் கட்டிட்டு வேட்டியத் தட்டிட்டுப் போயிருவான்."

இன்றைக்கு ஒரு வார்த்தை பிசகவில்லை. மெஷினுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இந்த நோட்டை யாரும் வாசிக்கப்போவதில்லை. ஹம்னா மணிக்கணக்கை மட்டும்தான் பார்க்கிறாள். அதனால் எழுதுகிறேன். வாடை வரவில்லை.

2023 பிப்ரவரி 26, லெந்து என்கிற தவக்காலத்தின் முதல் ஞாயிறு. எங்கள் வீட்டுக்காரர் அப்பாத்துரை கோயில்குட்டி. கோயிலில் மணி அடிக்கிற, பெருக்கித் துடைக்கிற, விளக்குப் போடுகிற வேலை. தினமும் காலையில் ஐந்து மணிக்கு முதல் மணி அடிப்பார். அன்றைக்கும் நாலே முக்காலுக்குச் சைக்கிளில் போனார். ஆழ்வார்குறிச்சி ரோட்டில் எதிரே வாழைத்தார் லாரி ரோட்டை விட்டு இறங்கி வந்தது. ஊரே சத்தம் கேட்டு எழும்பிவிட்டது. நான் எழும்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கதவை உடைக்காத குறையாகத் தட்டி எழுப்பினாள்.

நான் போய்ப் பார்த்தபோது டிரைவர் லாரிப் படியில் உட்கார்ந்திருந்தான். களக்காட்டுக்காரன், பெயர் சங்கிலிபூதத்தான். கனத்த உடம்பு, கழுத்தே கிடையாது. கண் முழுசாகத் திறக்கவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். வாழைக்காய் வாடை மட்டும்தான் வந்தது.

பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனோம். என் புருஷன் பிணவறையில் கிடக்கிறார். இவன் பெஞ்சில் உட்கார்ந்து குறட்டை விடுகிறான்! சுவரில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து, பக்கத்தில் நான் கிடந்து கதறுகிறேன், கொர்ர் கொர்ர் என்று — ஒரு மனுசன் தூங்குவானா? ஏட்டய்யா, "குடிச்சிருந்தானாம்மா?" என்றார். ஹெப்ரான் என் கையை அமுக்கினான். ஆமா என்றேன். மத்தியானம் எடுத்த ரத்தத்தில் ஒன்றும் இல்லையாம். அதற்குள் தெளிந்திருக்கும் என்பது எங்கள் பேச்சு.

அந்தக் குறட்டைக்காகச் சொன்னேன். கூண்டிலும் சொல்வேன்.

3-2-2025, திங்கள்

ஐந்து மணி நேரம்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டதுபோல் இருக்கிறது. இன்றைக்குச் சுற்றியதில் ஒரு பீடிகூடக் கழிவு இல்லை.

யூனிஸ் ஒன்று சொன்னாள். "அப்பா நெறைய நாள் சரியா தூங்கவேயில்லம்மா. நீ மூச்சு நிப்பாட்டுனா முழங்கையால இடிப்பாவ. 'உங்கம்மைக்கு நான்தாம்டி பேட்டரி'ம்பாவ." அந்த இடி எனக்குத் தெரியும். தூக்கத்தில் விலாவில் ஒரு இடி விழும். "ஏட்டி பாக்கியம், மூச்ச விடுட்டி" என்பார். எரிந்து விழுவேன். மனுசியைத் தூங்கவிடமாட்டியளா என்பேன்.

இருபத்தாறு வருஷம் தூங்கவிட்டிருக்கிறார். ஐந்து மணிக்கு முதல் மணி அடிக்க எழும்பிப் போயிருக்கிறார். அவர் அடித்த முதல் மணியை ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. அந்த நேரத்தில் பிணம்போல் கிடப்பேன்.

இப்போது வேறு ஆள் அடிக்கிறான். அதையும் கேட்டதில்லை.

11-2-2025, செவ்வாய்

ஆஸ்பத்திரி. மெஷினிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். நாற்பத்தொன்று மூன்றாகிவிட்டது. ஹம்னாவுக்கு ஒரே சந்தோஷம். "முன்னாடி எப்படி இருந்திய, கேளுங்க" என்று ஐப்பசியில் நான் தூங்குவதை யூனிஸ் போனில் பிடித்துவைத்ததைப் போட்டாள்.

முதலில் குறட்டை. பிறகு சத்தமே இல்லை. செத்துப்போனதுபோல். பிறகு தொண்டையில் எதையோ கிழித்ததுபோல் ஒரு இழுப்பு. திரும்பவும் குறட்டை.

"ஆளு முழுங்கி மாதிரி இல்ல?" என்று ஹம்னா சிரித்தாள். இதை முன்னாலேயே கேட்டிருக்கிறேன். என் குறட்டையை நான் எப்படிக் கேட்டிருக்க முடியும்?

ஸ்டேஷன் பெஞ்சு.

12-2-2025, புதன்

மாட்டவில்லை. நாலு மணி வரைக்கும் தூங்கவும் இல்லை.

13-2-2025, வியாழன்

இருக்கட்டுமே. நோயென்றால் போனவர் வந்துவிடுவாரா? எனக்கும்தான் இந்த நோய். நான் யாரையும் கொல்லவில்லை. என் தூக்கம் பீடியைக் கெடுத்தது, அவன் தூக்கம் என் குடியைக் கெடுத்தது. இரண்டும் ஒன்றா?

இல்லை. கேட்டதையே மறந்துவிடுகிறேன். நான் ஆஸ்பத்திரியில் எதையும் கேட்கவில்லை.

26-2-2025, புதன்

இரண்டு வருஷம். காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வந்தோம்.

பத்து மணிக்கு அவள் வந்து வாசலில் நிற்கிறாள். அவன் பெண்டாட்டி முப்பிடாதி. போன வருஷமும் இதே நாளில் வந்தாள். அப்போது பீடி இலை ஊறவைத்த தண்ணீரைச் சட்டியோடு அவள்மேல் ஊற்றினேன். இந்த வருஷம் சட்டி கிட்டத்தில் இல்லை.

"எக்கா, ஒரு வார்த்த. அவிய குடிக்கல. எங்க குலசாமி அறிய குடிக்கல. எல்லாரும் குடிகாரன் பிள்ளையளுங்காவ. பள்ளிக்கூடத்துல பிள்ள அழுவுது."

போடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. ஹம்னா என்னிடம் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக வாயில் வந்துவிட்டன.

"சும்மா உக்காந்திருந்தா தூங்குவானா?"

அவள் முழித்தாள். "ஆமாக்கா."

"பேசிக்கிட்டு இருக்கையில?"

"தூங்குவாவ. சோத்தப் பிசைஞ்சுகிட்டே தூங்குவாவ. கை தட்டுல இருக்கும்."

"மூச்சு நிக்குமா?"

"நின்னு நின்னு வரும். பயந்து போய்த் தட்டிவிடுவேன். உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"நீ இடிப்பியா?"

"காலால ஒரு எத்து விடுவேன்."

"வண்டியில தூங்கியிருக்கானா? இதுக்கு முன்னால?"

தலையைக் குனிந்துகொண்டாள். "அதுக்கு முந்தின வருசம் களக்காட்டு ரோட்டுல புளியமரத்துல விட்டாவ. ஆளுக்கு ஒண்ணுமில்ல. வேணாம்னு நான் அழுதேன். வேற என்ன தொழில் தெரியும்னு மறுநாளே வண்டி எடுத்தாவ. வேணும்னு செய்யலக்கா. அது ஒரு சீக்கு மாதிரிதான்."

அவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

தெரிந்திருக்கிறது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

5-3-2025, புதன்

லெந்து தொடங்கிவிட்டது. ஒருபொழுது இருக்கிறேன். தூக்கம் ஆறு மணி நேரம்.

என்ன அநியாயம் பாருங்கள். மண்டை மந்தமாக இருந்தபோது பொய் சொல்வது லேசாக இருந்தது. இப்போது தெளிவாக இருக்கிறேன், அந்தப் பொய் வாயில் கல்போல் நிற்கிறது. சாராயம் குடித்தவன் என்று அவன் ஜெயிலுக்குப் போனால், செய்யாததற்குத் தண்டனை அனுபவிக்கிறோம் என்று அங்கே உட்கார்ந்து தன்மேலேயே பரிதாபப்படுவான். அந்தச் சுகம் அவனுக்கு எதற்கு?

அவன் செய்ததற்குத்தான் அவன் போகவேண்டும்.

15-3-2025, சனி

ஹெப்ரான் கேட்டான். பிசகாமல் சொன்னேன். "மதினி, சூப்பர்" என்றான். அவனிடம் எதையும் சொல்லவில்லை.

20-3-2025, வியாழன், காலை

படுத்தது பத்து. எழுந்தது ஐந்தரை. ஏழு மணி பத்து நிமிஷம் என்று மெஷினில் எழுத்து வருகிறது. மெஷின் வந்ததிலிருந்து இதுதான் அதிகம். இன்றைக்குத் தூங்கிவழியமாட்டேன்.

அன்றைக்கே மாலை

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

வராந்தாவில் அதே பெஞ்சு. இந்தத் தரம் அதில் அவன் இருந்தான். தூங்கிக்கொண்டிருந்தான். முப்பிடாதி வக்கீலிடம் பேசிக்கொண்டு தூரத்தில் நின்றாள். ஹெப்ரான் டீ வாங்கப் போயிருந்தான். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதற்கு உட்கார்ந்தேன்? தெரியாது.

குறட்டை நின்றது. மூச்சு இல்லை. நான் எண்ண ஆரம்பித்தேன். பீடி சுற்றுகிறவளுக்கு எண்ணுவது கை வேலை. இருபத்தைந்து ஆனால் ஒரு கட்டு, அங்கே விரல் தானாக நின்று நூலைத் தேடும். இருபத்தைந்து ஆயிற்று. அவனுக்கு மூச்சு வரவில்லை. முகம் கறுத்துக்கொண்டு வருகிறது. வரவேண்டாம் என்று நினைத்தேன். பொய் எழுதமாட்டேன், அப்படித்தான் நினைத்தேன். முப்பது. முப்பத்தொன்று.

என் முழங்கை போய் அவன் விலாவில் இடித்தது. "மூச்ச விடு" என்றேன்.

தொண்டையைக் கிழித்துக்கொண்டு மூச்சு வந்தது. கண்ணைத் திறந்து பார்த்தான். பக்கத்தில் நான். பதறி எழுந்து கையெடுத்துக் கும்பிட்டான். "எம்மா" என்றான்.

"கும்பிடாத. உள்ள கூப்பிடப் போறாவ. நான் சொல்லுறத முழிச்சு இருந்து கேளு" என்றேன்.

கூண்டில் ஏறினேன். தேதி, நேரம், இடம் எல்லாம் சரியாகச் சொன்னேன். அரசு வக்கீல் கேட்டார், "டிரைவரிடமிருந்து மது வாடை வந்ததா?"

"வரல."

தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "போலீஸ்ல வந்ததுன்னு சொல்லியிருக்கீங்க."

"அது பொய். கோவத்துல சொன்னேன்."

பொய்ச் சாட்சி சொன்னால் என்ன ஆகும் தெரியுமா என்று நீதிபதி அதட்டினார். தெரியும் ஐயா, அதனால்தான் இன்றைக்குச் சொல்லவில்லை என்றேன். அவனுடைய வக்கீல் வாயெல்லாம் பல்லாக எழுந்து வந்தார். டிசம்பரில் சிரித்த அதே பல். "அப்போ என் கட்சிக்காரர்மேல தப்பு எதுவும் இல்ல. அப்படித்தானம்மா?"

"தப்பு இருக்கு" என்றேன். "அவன் தூங்கிட்டான். சோறு திங்கும்போதே தூங்குறவன். அதுக்கு முந்தின வருசமே களக்காட்டு ரோட்டுல தூங்கிப் புளியமரத்துல விட்டிருக்கான். வீட்டுல அழுது தடுத்திருக்காவ. தெரிஞ்சும் மறுநாளே வண்டி எடுத்திருக்கான். எனக்கும் இதே நோய் இருக்கு ஐயா. நான் அடுப்புக்கிட்ட உக்காரக்கூட யோசிக்கேன். இவன் லாரி எடுத்தான்."

வக்கீலுக்குப் பல் மறைந்துவிட்டது. முப்பிடாதி தலையில் கைவைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். நம்பிச் சொன்னவள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நான் அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

அவனைப் பார்த்தேன். முழித்துத்தான் இருந்தான்.

24-3-2025, திங்கள்

ஹெப்ரான் என்னோடு பேசவில்லை. "எங்க அண்ணன வித்துட்டாவ" என்று யூனிஸிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். தன் சாட்சியே தனக்கு எதிராகத் திரும்பிவிட்டதாக அரசு வக்கீலுக்கும் கோபம். பரவாயில்லை. தீர்ப்புக்கு ஜூன் மாதம் ஆகுமாம்.

தூக்கம் ஆறரை மணி.

2-4-2025, புதன்

யூனிஸ் போனிலிருந்து முப்பிடாதியைக் கூப்பிட்டேன். எடுத்ததும் அழுகை. "நல்லா செஞ்சியளேக்கா" என்றாள்.

"நல்லாத்தான் செஞ்சேன். இப்பம் இதக் கேளு. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குச் செவ்வாக்கிழமை காலையில அவனக் கூட்டிட்டுப் போ. தூக்க நோய்க்குன்னு தனியா அறை இருக்கு. ஹம்னான்னு ஒரு பிள்ள இருக்கும். பாக்கியவதி சொன்னான்னு சொல்லு."

"எதுக்குக்கா?" என்று பைய கேட்டாள்.

எதுக்கா? தூங்கிவழிகிறவனை ஜெயிலில் போட்டால் அங்கேயும் தூங்கியே கழித்துவிடுவான். இரண்டு வருஷமாக அவன் முழுசாக முழிக்கவே இல்லை. செய்ததுகூட அவனுக்குப் புகைக்குள் தெரிவதுபோல்தான் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியும், நானும் அந்தப் புகைக்குள்தானே இருந்தேன். முழிக்கட்டும். நன்றாக முழித்து, நான் தினமும் காலையில் பார்ப்பதை அவனும் பார்க்கட்டும்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. "போன்னா போ" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

18-4-2025, வெள்ளி

பெரிய வெள்ளி. மூன்று மணி நேர ஆராதனை. ஒரு இமைகூடத் தட்டவில்லை. ஐயர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

22-5-2025, வியாழன்

ஹம்னா சொன்னாள்: "நீங்க அனுப்புனவருக்கு மணிக்கு அறுபத்திரண்டும்மா. எப்படி உயிரோட இருந்தாருன்னு டாக்டருக்கே ஆச்சரியம். நேத்து மெஷின் குடுத்தோம். உங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல" என்றேன்.

29-5-2025, வியாழன்

காலை ஆறு மணிக்கு முப்பிடாதி போன். பட்டி கழன்றுகொண்டே இருக்கிறதாம்.

"தலைக்கு எண்ணெய் வைக்கானா?"

"வைக்காவ."

"வைக்கக்கூடாது. மூக்குப் புண்ணுக்குத் தைலமும் தடவிராத. ஒரு வாரம் நரகமாத்தான் இருக்கும். கழத்தவிடாத."

"சரிக்கா. நேத்துத்தான் மொதத் தடவையா விடியிற வரைக்கும் கழத்தல. ஏழு மணி நேரம்."

வைக்கப்போனேன். மனசு கேட்கவில்லை. "எந்திச்சு என்ன செஞ்சான்?"

"கட்டில்ல உக்காந்து அழுதாவ. சத்தமா. இந்த ரெண்டு வருசத்துல அழுது நான் பார்த்ததில்லக்கா. 'அந்தச் சைக்கிள்ல ஒரு டார்ச் லைட்டு கட்டியிருந்துச்சு பிள்ள, இப்பம்தான் தெரியுது'ன்னு சொல்லிச் சொல்லி அழுதாவ."

ஆமாம். டார்ச் கட்டியிருந்தார். நான்தான் நூல் கொடுத்தேன், பீடி கட்டுகிற நூல்.

போனை வைத்துவிட்டேன்.

30-5-2025, வெள்ளி

படுத்தது ஒன்பதரை. நடுவில் எழும்பவில்லை. எழுந்தது ஐந்து.

மணிச் சத்தம் கேட்டு எழுந்தேன். புது ஆள் வேகமாக அடிக்கிறான். பைய அடிக்கச் சொல்லவேண்டும்.